நிலுவை

ஐந்து மாதத்தில் இது நாலாவது மின்னஞ்சல்.
ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து திரு. வெங்கடவரதன்.
மரியாதையானவர்,
கோபத்திலும் 'தயைகூர்ந்து' விட்டுப்போகாது.

சென்னை – ஃபிராங்க்ஃபர்ட் – சென்னை.
பணம் கட்டும் பக்கத்தின் அடியில்
சின்னதாக ஒரு கட்டம், ஓரத்தில் பச்சை இலை.
உங்கள் பயணத்தின் கரியை ஈடுசெய்யுங்கள்.
ஈடுசெய்தார்.
இரண்டாயிரத்து நூற்று நாற்பது ரூபாய்.
அதற்கு அறுநூறு புள்ளி தருவதாகச் சொல்லியிருந்தோம்.
தரவில்லை.

சொல்லியிருந்தோம் என்கிறேன்,
நான் இதுவரை விமானம் ஏறியதில்லை.
எர்ணாவூரில், மின்கம்பிகள்
ராத்திரி முழுக்க ரீங்கரிக்கும் மாடி ரூமில்
ஹெட்செட் மாட்டியிருக்கும் வரைக்கும்
நான் 'நாங்கள்'.

திரையில் மூன்று வரி.
தொகை: பெறப்பட்டது.
மரம்: நடப்பட்டது.
புள்ளி: நிலுவை.

நடு வரியை யாரும் அழுத்துவதில்லை.
கரண்டு போய் வந்த ஒரு நேரத்தில்
சும்மா அழுத்திப் பார்த்தேன்.
அலையாத்தி, ஒன்று.
கீழே புள்ளி வைத்த நீளமான எண்கள்.
அவற்றை வரைபடத்தில் ஒட்டினேன்.
உலகம் ஒரு சுற்று சுற்றி
மெல்ல இறங்கியது, இன்னும் இறங்கியது,
எங்கள் தெருமுனைக் கோழிக்கடையைத் தாண்டி
கழிமுகத்துச் சேற்றில் போய் நின்றது.
ஜன்னலைத் திறந்தால் நாற்றம் வரும் தூரம்.

ஞாயிற்றுக்கிழமை ஏகவல்லியோடு போனேன்.
தண்ணி வத்தும் நேரம் அவளுக்குத்தான் தெரியும்,
கையால் துழாவி இறால் பிடிக்கிறவள்.
மின் நிலையத்து வெந்நீர் கலக்கிற வாயைச் சுற்றிப்போய்
முழங்கால் அளவு சாம்பலில் கால் வைத்தோம்.
வரிசையாகக் குச்சிகள்.
குச்சிகள் மட்டும்.

"நட்டதே நான்தான்டீ," என்றாள்.
"பதினோரு நாளு. ஏழு நாள் துட்டுதான் வந்துச்சி.
சூப்பர்வைசர் நம்பர் இப்ப அடிச்சா
வேற யாரோ ஹிந்தில பேசுறான்."

ஓரமாக ஒன்று பிழைத்திருந்தது.
ஐந்து இலை, ஐந்திலும் சாம்பல்.
முந்தானையால் துடைத்துப் பார்த்தாள்,
பாத்திரத்தில் கரி துடைக்கிற மாதிரி.
"உங்க சாரோடது இதுவான்னு கேட்டா
நான் இன்னா சொல்றது?
செத்ததுல ஒண்ணாக்கூட இருக்கும்."

புள்ளி என்றால் என்ன என்று கேட்டாள்.
பறந்தால் கிடைக்கும்,
நிறையச் சேர்ந்தால் மறுபடி பறக்கலாம் என்றேன்.
"மறுபடியா?
அப்ப மறுபடி செடி நடணுமா?"
கேட்டுவிட்டு இறால் தேடக் குனிந்துவிட்டாள்.
முதுகைக் காட்டியபடியே
"எங்களுக்கு எதுவும் வராதாங்காட்டியும்?" என்றாள்.
டிக்கெட் போட்டால்தான் வரும் என்று சொன்னேன், என் வேலை புத்தியில்.
"அப்ப போடு. நாலு நாளு."

அன்று இரவு டிக்கெட் திறந்தேன்.
புகார் வகை என்று ஒரு பட்டியல் இறங்கியது:
தாமதம், சாமான், உணவு, இருக்கை, புள்ளி, பிற.
'பிற' தொட்டால்
பயணி எண் கேட்டது.

மேலதிகாரியைக் கேட்காமல்
ஐந்நூறு புள்ளி வரை நானே போடலாம்.
வெங்கடவரதனுக்கு ஐந்நூறு போட்டேன்.
மீதி நூறைப் பற்றி
முதலில் ஒன்று எழுதினேன்,
சாம்பல், வெந்நீர், ஐந்து இலை எல்லாம் வைத்து.
அழித்தேன்.
'ஏழு வேலை நாட்களுக்குள்' என்று போட்டு அனுப்பினேன்.
நகத்திடுக்கில் இருந்த சாம்பல்
விசைப்பலகையில் ஏழின் மேல் ஒட்டிக்கொண்டது.

வியாழன் காலை மதிப்பீடு வந்தது:
ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்.
தயைகூர்ந்து, நூறு குறைகிறது.

ஷிப்ட் முடித்துப் பால் வாங்க இறங்கினேன்.
எதிரே ஏகவல்லி, ஈரப் பாவாடையோடு,
இறால் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு,
ரெண்டு கையிலும் வலை.
பேச முடியவில்லை அவளால்.
ஒரு கை வலையை இடுப்பில் செருகி
எனக்கு முன்னால் தூக்கிக் காட்டினாள்
நாலு விரல்.